பழைய கம்ப்ரசர் ஒன்றின் விலை

சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கத்தில் வரசித்தி விநாயகர் கிணற்றுக்குள்ளிருந்து வெளிப்பட்டவர். நிலத்துக்கு நீர் வேண்டி மூன்று சகோதரர்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது, கல்லில் கருவி பட்ட இடத்தில் குருதி பெருகியது என்கிறது தலபுராணம். அவர் முன்னிலையில் பொய்ச்சத்தியம் செய்ய எவரும் துணிவதில்லை. கொடுக்கல் வாங்கல் தகராறுகள் இன்றும் அங்கே சத்தியத்தில் முடிவதுண்டு.

அவ்வூருக்கு அருகே பட்டறை நடத்தும் முதியவர் ஒருவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளின் கம்ப்ரசர்களைப் பழுதுபார்த்தே வாழ்ந்தவர். புதுச்சேரியில் கடலில் மூழ்கப் பயிற்சியளிக்கும் அவருடைய தங்கை மகன், சிலிண்டர்களைத் தானே நிரப்பிக்கொள்ள விரும்பினான். வடசென்னைப் பழைய இரும்புக் கிடங்கொன்றில் ராணுவ உபரிக் கம்ப்ரசர் ஒன்றைப் பார்த்துவிட்டு மாமனைத் தேடி வந்தான். கேட்ட விலை ஒன்றரை லட்சம். அவன் சேமிப்பு முழுவதும் அவ்வளவுதான்.

“மூவாயிரம் பி.எஸ்.ஐ. மாமா. நேவி ஐட்டம். நூறு மணி நேரம்கூட ஓடலையாம்.”

“யார் சொன்னது?”

“விக்கிறவர்தான்.”

“அப்போ அவரைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டியாந்து சத்தியம் பண்ணச் சொல்லு, மாப்பிள்ளை. அப்புறம் விலை பேசலாம்.”

கம்ப்ரசர் என்ற சொல் சித்தூர்ப் பக்கத்தில் நீரோடு சேர்ந்தது. துளையிடும் வண்டியில் இருப்பது 20 முதல் 25 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 30,000 லிட்டர் காற்றைத் தள்ளக்கூடியது. ஊற்றுக் குறைந்த கிணற்றிலிருந்து காற்றை ஊதி நீரை மேலேற்றுவதும் கம்ப்ரசர்தான். மூழ்குவோரின் கம்ப்ரசர் இவற்றுக்கு நேர்மாறானது. 200 பாருக்கு மேல் அழுத்தும். ஆனால் நிமிடத்துக்கு 100 லிட்டர் தந்தாலே நல்ல சிறிய இயந்திரம். காற்றின் அளவை வைத்து விலை மதித்துப் பழகிய முதியவருக்கு இது புதிய கணக்கு. ஆனால் வேறொன்றை அவர் உடனே பிடித்துக்கொண்டார்: தம் கம்ப்ரசரின் காற்றைப் பாறை குடிக்கிறது, இதன் காற்றை மனிதன் குடிக்கப்போகிறான்.

ராணுவ உபரி என்ற சொல்லின் மயக்கமும் இங்கேதான் இருக்கிறது. படைகள் உயரழுத்தக் காற்றைப் பல பணிகளுக்குப் பயன்படுத்துகின்றன. நீர்மூழ்கிக் கப்பல் தன் தொட்டிகளிலுள்ள நீரை வெளியேற்றி மேலெழ அது தேவை. கப்பலின் டீசல் எஞ்சினை முடுக்கிவிட, ஏறத்தாழ 30 பார் அளவில், அது தேவை. விமானங்களுக்கெனச் செய்யப்பட்ட கார்னீலியஸ் போன்ற கையடக்க இயந்திரங்களைப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் மூழ்குவோர் தேடி வாங்கியதுண்டு. அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 207 பார். மூழ்கு சிலிண்டருக்கு மிகப் பொருத்தம். ஆயினும் விமான இயந்திரம் சிறிது நேரம் ஓடி நிற்பதற்கானது. சிலிண்டருக்குப் பின் சிலிண்டராக நிரப்புவதற்கானதன்று. அதன் மோட்டாரோ 28 வோல்ட் நேர்மின்னோட்டத்தையோ 400 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தையோ கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூழ்குவோருக்கென்றே செய்யப்பட்டவை தவிர, இவற்றின் காற்றை எவரும் சுவாசிப்பார்கள் என்று வடிவமைத்தவர் எண்ணியதில்லை.

மூன்று கட்டங்களில், கட்டத்துக்கு ஆறு மடங்காக அழுத்தினால் 216 மடங்கு கிடைக்கும். ஆனால் 27 பாகையில் நுழையும் காற்று, குளிர்விப்பு இல்லையெனில், முதல் கட்டத்திலேயே 220 பாகையைத் தாண்டும். கட்டங்களுக்கிடையே குளிர்குழாய்கள் இருப்பது இதற்காகவே. வால்வு கசிந்தால், குளிர்குழாயில் அழுக்குப் படிந்தால், உராய்வெண்ணெய் கருகிக் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு மணமில்லை. மேற்பரப்பில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு, 30 மீட்டர் ஆழத்தில் நான்கு மடங்கு வினை புரியும். ஐரோப்பாவின் இ.என். 12021 தரம் சுவாசக் காற்றில் அதைப் பத்து லட்சத்தில் 5 பங்குக்குள் கட்டுப்படுத்துகிறது; எண்ணெய்க்கு எல்லை கனமீட்டருக்கு 0.5 மில்லிகிராம். தூத்துக்குடியில் மூச்சடக்கி மூழ்கியவர்களின் வழிவந்த சங்குகுளிப்போர் சிலர் இன்று படகுக் கம்ப்ரசரின் குழாயை வாயில் கவ்வி இறங்குகின்றனர். படகு எஞ்சினின் புகை எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே அவர்களுக்கு உயிர்க் கேள்வி.

அரசுத் துறைகளின் கழிவுப் பொருள்களை ஏலம் விடும் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் 1964-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய ஏலங்களின் நிபந்தனை ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்பது. ஏலத்தில் எடுத்த வியாபாரி அதே நிபந்தனையைக் கைமாற்றித் தருகிறார். கூடவே ‘ராணுவத் தரம்’ என்ற பெருமையைத் தம் பங்குக்குச் சேர்க்கிறார். ராணுவம் ஏன் அதைக் கழித்தது என்ற கேள்வி மட்டும் கிடங்கு வாசலைத் தாண்டுவதில்லை.

மாமனும் மருமகனும் ஒரு பழைய 11 லிட்டர் சிலிண்டரோடு கிடங்குக்குப் போனார்கள். வியாபாரி முன்பே உள்ளூர் மோட்டாரைப் பூட்டி வைத்திருந்தார். முள் மூவாயிரத்தைத் தொட்டதும் பையனின் முகம் மலர்ந்தது. முதியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அடைத்த குழாயில் முள் ஏறுவது எதையும் மெய்ப்பிக்காது. 50 பாரில் இருந்த சிலிண்டரை இணைத்து 200 வரை நிரப்பச் சொன்னார். ஏறத்தாழ 1,650 லிட்டர். நிமிடத்துக்கு நூறு என்றால் பதினேழு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஆனது இருபத்தொன்பது.

மணிக்கணக்குக் குறைவு என்பதும் அப்போது வேறு பொருள் பெற்றது. ஓடாத இயந்திரம் தேயாது, துருப்பிடிக்கும். கடைசிக் கட்டத்தைக் கழற்றியபோது, விரலளவு பிஸ்டன் நகரும் சுவரில் அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள் தெரிந்தன. ரப்பர் வளையங்கள் கையிலேயே நொறுங்கின. ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை, எண்ணெயாவியைப் பிடிக்கும் கரி, மோனாக்சைடை மாற்றும் ஹாப்கலைட் ஆகியவை அடங்கிய வடிகட்டிக் குழல் அதில் இருந்ததே இல்லை.

“மிலிட்டரி சரக்கு சார், இந்த மாதிரி இப்போ யார் செய்றா?” என்றார் வியாபாரி.

“அதான் தம்பி பயம். யாரும் செய்யலைன்னா ரிங்குக்கு எங்க போறது?”

முதியவர் புதிய இயந்திரத்தின் விலையிலிருந்து பிஸ்டன், வளையங்கள், வால்வுகள், வடிகட்டி, காற்றுப் பரிசோதனை என ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். எஞ்சியது நாற்பதாயிரம். வியாபாரி சிரித்தார். மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

இயந்திரம் இப்போது காணிப்பாக்கத்துப் பட்டறையில் இருக்கிறது. கடைசிக் கட்டத்துப் பிஸ்டன் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறுகிறது. அளவெடுத்துப் புதிது கடையக் கோயம்புத்தூருக்கு ஆள் போயிருக்கிறது. கம்ப்ரசரின் மேல் முதியவர் சாக்கட்டியால் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறார்: மூச்சுக்கு ஆகாது. பரிசோதனை முடிவு வரும்வரை அதை அழிக்கக்கூடாதென்று மருமகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.