மாலை வாங்கி வராத தூது

மேகம் என்று பெயர் வைத்தவர்கள் ஒருவகையில் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். மேகக் கணிமை என்றதும், தரவுகளெல்லாம் ஊர்பேர் இல்லாத ஓர் ஆகாயத்தில் மிதப்பதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. உண்மையில் ஒவ்வொரு தரவும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட கூடத்தில் நிற்கும் இயந்திரத்தில்தான் எழுதப்படுகிறது. அதையே இரண்டு ஊர்களில் எழுதினால், அவற்றுக்கு இடையேயுள்ள தூரமும் கணக்கில் வந்தே தீரும்.

நாங்கள் நால்வர். சிங்கப்பூரில் உழைப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்துக்குக் கணக்கு எழுதும் மென்பொருளைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். ஒரே கணக்கேட்டின் மூன்று படிகள் மும்பை, ஐதராபாத், சிங்கப்பூர் ஆகிய மூன்று மேகப் பகுதிகளில் இருக்கின்றன. ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தாலும், ஒரு நகரமே வெள்ளத்தில் மூழ்கினாலும் கணக்கு அழியக்கூடாது என்பது நோக்கம். இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். இருக்கிறது என்று நாங்கள் கருதுவதால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் இந்த மூன்று முனைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். அமேசானின் மேகத்தில் எந்தப் பகுதிக்குப் போனாலும், இயல்பாகத் தரப்படும் தனி வலையமைப்பின் முகவரிகள் 172.31 என்றே தொடங்குகின்றன. ஊருக்கு ஊர் ஒரு காந்தி தெரு இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கடிதத்துக்கு அது போதும். ஊர்விட்டு ஊர் போகும் கடிதத்தில் தெருப்பெயர் மட்டும் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே வலையமைப்புகளை இணைக்கும் முன்பே பகுதிக்கு ஒரு முகவரி வரிசையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு, ஒவ்வொரு முனையும் தான் இன்னார் என்று காட்டச் சான்றிதழ், வழிநெடுக மறைகுறியாக்கம், தேவையான வாயிலைத் தவிர வேறெதையும் திறக்காத காவல். இவையெல்லாம் கைவேலை. பொறுமை இருந்தால் சில நாட்களில் முடிந்துவிடும்.

முடியாத விஷயம் தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 3,900 கிலோமீட்டர். ஒரு செய்தி போய்த் திரும்ப 39 மில்லிவிநாடியாவது ஆகும். கடலடிக் கம்பிவடங்கள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. வழியில் கருவிகளும் உண்டு. நடைமுறையில் 60 மில்லிவிநாடி என்று வையுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் ஒரு கணக்கை எழுதிமுடிக்கப் பலமுறை போய்வர நேர்ந்தால் கவுண்டரில் நிற்பவர் அதை உணர்ந்துவிடுவார். எத்தனை பணம் கொடுத்தாலும் இந்தத் தாமதத்துக்கு ஓர் எல்லைக்குக் கீழே விலை படியாது.

தாமதத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். மௌனத்தை என்ன செய்வது? நம் தூது இலக்கியங்களில் தலைவி தூதரிடம் கேட்பது, தலைவனின் மாலையை வாங்கி வரவேண்டும் என்பதைத்தான். மாலை வந்தால் செய்தி சேர்ந்தது என்று பொருள். வராவிட்டால்? தூதர் போய்ச் சேரவே இல்லையா, தலைவன் தர மறுத்தானா, மாலையோடு திரும்பும் வழியில் ஏதும் நேர்ந்ததா? காத்திருப்பவளுக்கு இவை அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும். சிங்கப்பூர் முனையிடமிருந்து மறுமொழி வராதபோது மும்பை முனையின் நிலையும் இதுவே. அது செத்துவிட்டதா, உயிரோடு இருந்தும் வழி அறுந்துவிட்டதா என்று இங்கிருந்து அறிய வழியில்லை.

அறியாமலே முடிவெடுத்தால் நேர்வது என்ன என்பதற்கு எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு மையத்துக்கான இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. அதற்குள் மேற்குக் கரையிலிருந்த தரவுத்தளங்கள் தலைமைப் பொறுப்பேற்று எழுதத் தொடங்கிவிட்டன. கிழக்கிலோ, மேற்குக்கு இன்னும் அனுப்பப்படாத சில விநாடி எழுத்துகள் இருந்தன. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சீராக்கும் வரை, 24 மணி 11 நிமிடங்கள் சேவை குன்றியிருந்தது என்று அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது.

இணைப்பு அறுந்த வேளையில், எல்லா முனைகளும் விடையளிக்க வேண்டும், எல்லா விடைகளும் ஒத்திருக்கவும் வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது. 2000ஆம் ஆண்டில் எரிக் புரூவர் இதை ஒரு கருத்தாக முன்வைத்தார். 2002இல் செத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிறுவிக்காட்டினர். ஒத்திருப்பதே முக்கியம் என்பவர்களுக்கு லெஸ்லி லாம்போர்ட் ஒரு வழி சொன்னார். பாக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவின் பழைய சட்டமன்றம் ஒன்றைக் கற்பனை செய்து, அதன் வரலாறு போலவே ஆய்வுக்கட்டுரையை எழுதினார். உறுப்பினர்கள் அவைக்கு வருவார்கள், நினைத்தபோது எழுந்து போவார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அழியாத மையில் தமக்கென ஓர் ஏடு வைத்திருப்பார்கள். கதையை நீக்கச் சொன்ன மதிப்பீட்டாளர்களுக்கு அவர் இணங்கவில்லை. 1990இல் அனுப்பிய கட்டுரை 1998இல்தான் அச்சேறியது. அதன் சாரம் எளியது. பெரும்பான்மை ஒப்பினால் மட்டுமே ஏட்டில் எழுது. எந்த இரண்டு பெரும்பான்மைக்கும் பொதுவாக ஒருவராவது இருப்பார் என்பதால் இரு முரண்பட்ட தீர்ப்புகள் எழ முடியாது.

மூன்று முனைகளில் பெரும்பான்மை இரண்டு. கடல்வழி அறுந்தால், தனித்து நிற்கும் கரை வாயடைத்து இருக்க வேண்டும். எந்தக் கரை? இந்தக் கேள்வியில் எங்களுக்குள் பல வாரங்கள் வாக்குவாதம் நடந்தது.

ஒரே கணக்கில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்காக மனைவி ஊரில் அதை எடுக்கிறார்; அதே நிமிடம் கணவர் சிங்கப்பூரில் அதையே வேறொருவருக்கு அனுப்புகிறார். இரு கரைகளும் ‘ஆகட்டும்’ என்றால் இல்லாத இருபதாயிரம் வெளியேறிவிடும். ஆகவே ஒரு கரை நிற்க வேண்டும். எங்களுள் ஒருவரின் தந்தை இருபது ஆண்டுகள் அங்கே கட்டட வேலை செய்தவர். ‘வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் அவர்களுக்கு, அன்றைக்கு வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவீர்களா?’ என்று கேட்டார் அந்த நண்பர். ‘மருத்துவமனையில் பணம் கட்ட நிற்பவரிடம் திங்கட்கிழமை வரச் சொல்வீர்களா?’ என்று கேட்டார் இன்னொருவர். இரண்டும் நியாயம். வரைபடத்தில் மூன்று வட்டங்கள் போடுவது எளிது. அவற்றில் இரண்டை எந்த நாட்டில் போடுகிறோம் என்பது, யார் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தீர்ப்பு.

இரண்டை இந்தியாவில் வைத்தோம். ஆனால் சிங்கப்பூர் முனையை முற்றிலும் ஊமையாக்கவில்லை. கணக்கிலிருந்து எடுப்பதற்குப் பெரும்பான்மை வேண்டும். கணக்கில் சேர்ப்பதற்கு வேண்டாம். கூட்டல்களை எந்த வரிசையில் செய்தாலும் தொகை மாறாது அல்லவா? எனவே வழி அறுந்திருக்கும்போதும் அந்த முனை பணத்தைப் பெற்றுத் தனியே குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு தொலையாதிருக்க அதே நகரின் இன்னொரு கட்டடத்தில் ஒரு படி எழுதும். வழி திறந்ததும் மற்ற ஏடுகளில் சேர்க்கும்.

மிச்சம் இருந்தது, அப்போது திரையில் என்ன எழுதுவது என்பது. ‘வெற்றி’ என்பது பொய். ‘தோல்வி’ என்பதும் பொய். ‘உங்கள் பணத்தைப் பெற்றுக்கொண்டோம். ஊருக்கு இன்னும் செய்தி சேரவில்லை. சேர்ந்ததும் சொல்கிறோம்’ என்ற மூன்று வாக்கியங்களை வைத்தோம். இவ்வளவு நீளம் திரைக்கு ஆகாது என்று ஆட்சேபம் வந்தது. ஒரு சொல்லையும் குறைக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. ஆறு நாள் உழைத்த பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒருவருக்கு, நமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.