பெட்டிப் பலகையும் நாதமும்

கிற்றார் செய்வோர் மரத்திற்குக் குலம் கோத்திரம் பார்ப்பது வழக்கம். முகப்பலகைக்கு ஸ்புரூஸ், முதுகுக்கும் விலாவுக்கும் தோதகத்தி என்பது அவர்தம் மரபு. அம்மரபிற் குறைகாண்பது என் நோக்கமன்று. ஆயின், உயர்ந்த மரம் இல்லாதவிடத்து நல்ல நாதமும் பிறவாது என்ற முடிபு ஆராயத்தக்கது.

ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தொறெஸ் 1862இல் ஒரு கிற்றாரின் முதுகையும் விலாவையும் கடதாசி அட்டையாற் செய்து, முகத்துக்கு மாத்திரம் நல்ல பலகையை இட்டார். முகமே கருவியின் குரல் என்பதை அதனால் மெய்ப்பித்தார். தந்தி தனியே அசைக்கும் காற்று மிகச் சிறிது. அதன் அதிர்வு குதிரை வழியே முகப்பலகைக்கு இறங்க, அப்பலகையே காற்றை உந்துகிறது. ஆகவே அது இலேசாகவும் விறைப்பாகவும் அமைதல் வேண்டும். முதுகு மரத்தில் மாத்திரம் வேறுபட்ட 6 கிற்றார்களை 52 கலைஞர்கள் பார்வை மறைத்து வாசித்தபோது, அவற்றிடையே பெரிய தரவேற்றுமை காணவில்லை என 2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்று கூறுகிறது.

இவற்றை நான் ஏட்டிற் படிப்பதற்கு வெகுகாலம் முன்னரே, அட்டன் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் என் சித்தப்பா ஒரு கிற்றார் செய்தார். கழித்துவிடப்பட்ட தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை உடலாயிற்று. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரம் கழுத்தாயிற்று. தந்திகள் மாத்திரமே விலைக்கு வாங்கியவை. மீட்டியபோது சுரம் எழுந்தவுடனே அவிந்தது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அப்பலகை பாரம் தாங்கப் பிறந்ததேயன்றி அதிரப் பிறந்ததன்று. “பெட்டி பாடுமா?” என்று லயமே நகைத்தது.

தாத்தா தப்படிப்பவர். காமன் கூத்துக்கும் பிரட்டுக்கும் அடித்த கை அது. முகப்பலகையை விரல்மொழியால் தட்டிப் பார்த்து, “தோலு தடிப்பாயிருக்குடா, பேசாது” என்றார். சித்தப்பா கண்ணாடித் துண்டினால் உட்புறத்தை நாட்கணக்கிற் சுரண்டி மெலிவித்தார். உட்குழியாதிருக்க மூங்கிற் சிம்புகளை ஒட்டினார். அடித்தொனி மெலிந்தேயிருந்தது, ஆனால் நடுச் சுரங்கள் தெளிந்து நின்றன. தொறெஸ் அறிந்ததைத் தாத்தா தோலிலிருந்து அறிந்திருந்தார். தப்பை இழிந்த கருவியென்று ஒதுக்கியோர் அவ்வறிவையும் உடன் ஒதுக்கினர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

இலங்கையிலும் இந்தியாவிலுமிருந்து தேயிலை சுமந்து சென்ற இத்தகைய பெட்டிகள் 1950களில் ஆங்கில இளைஞர் கையில் இசைக்கருவியாயின. பெட்டியில் ஒரு தும்புத்தடியை நிறுத்தி, ஒற்றைத் தந்தி கட்டி அடித்தொனி எழுப்பினர். ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் முதன்முதற் சந்தித்த 1957 யூலை 6ஆம் நாள், லெனனின் குழுவில் ஒலித்ததும் அப்பெட்டியே. அங்கு அது இளமையின் புதுமை எனப்பட்டது. எங்கள் லயத்திலோ வறுமையின் அடையாளம் எனப்பட்டது.

இன்று தேயிலை பெரும்பாலும் கடதாசிப் பைகளிற் கப்பலேறுகிறது, பெட்டிகள் அருகிவிட்டன. எனினும், மலையகத்தில் கருவி செய்ய விழையும் இளைஞன் தோதகத்திக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. கிடைத்த பலகையைத் தட்டிப் பார்க்கட்டும். அது பேசவில்லையெனில், தப்படிக்கும் முதியவர் ஒருவரிடம் கேட்கட்டும்.