மோதிரத்தின் எடை

எங்கள் இளைய மகனுக்கு 2024ஆம் ஆண்டின் இறுதியில் பெண் பேசி முடித்தோம். பெண் வீடும் மேலப்பாளையத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெருக்கள் தள்ளி. நல்ல குடும்பம். கைக்கூலி என்ற பேச்சை அவர்களும் எடுக்கவில்லை; நாங்களும் எடுக்கவில்லை. பேச வேண்டியவையெல்லாம் ஒரே மாலையில் சுமுகமாகப் பேசி முடிந்தன. எஞ்சி நின்றது ஒன்றுதான்: நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சென்று பெண்ணின் விரலில் போடும் மோதிரத்துக்கு எவ்வளவு செலவிடுவது? அந்தச் சின்னஞ்சிறு வளையம் எங்கள் வீட்டை மூன்று வாரங்கள் ஆட்டி வைக்கும் என்று நான் எண்ணவேயில்லை.

மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். தொலைபேசியில் அவன் சொன்ன கணக்கு எனக்குப் புதியதாக இருந்தது. "இரண்டு மாதச் சம்பளத்துக்கு எடுப்பதுதான் முறை வாப்பா. வைரமாகவே எடுத்துவிடலாம். கையில் அவ்வளவு இல்லை. மாதத் தவணையில் கட்டிக்கொள்கிறேன்." அவனுடைய இரண்டு மாதச் சம்பளம் 1,40,000 ரூபாய். இம்முறையை யார் வகுத்தார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றான்.

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு தீராத பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதன் மூலத்தைத் தேடிப் போவான். நானும் போனேன். அந்த முறையை வகுத்தது எந்த மார்க்கமும் அன்று. எந்த நாட்டு முன்னோரும் அல்லர். வைரம் விற்ற கம்பெனி ஒன்று! 1888இல் தென்னாப்பிரிக்காவில் தோன்றிய டி பியர்ஸ், உலகப் பொருளாதார மந்தத்தில் வைரத்தின் மவுசு குன்றிப்போன 1930களின் இறுதியில், அமெரிக்காவில் என். டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தின் துணையை நாடியது. அங்கே எழுத்துப்பணி செய்த பிரான்சஸ் ஜெரெட்டி என்ற பெண்மணி, 1947இல் வைரத்தையும் நித்தியத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு வாசகம் எழுதினார். அது உலகமெல்லாம் சுற்றி வந்தது. (அந்த அம்மையார் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை என்பது வேறு செய்தி.) 1980களில் அக்கம்பெனியின் விளம்பரங்கள் அமெரிக்க இளைஞனிடம் இரண்டு மாதச் சம்பளம் என்றன; ஜப்பானிய இளைஞனிடம் மூன்று மாதச் சம்பளம் என்றன. கேட்பவனின் நாட்டுக்குத் தக்கபடி 'முறை'யும் நீண்டிருக்கிறது!

இதை மகனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். பிறகு, "சரி வாப்பா, அப்படியானால் நம்முடைய முறை என்ன?" என்று கேட்டான். உடனே சொல்ல என்னிடம் விடையில்லை.

நம்முடைய முறையை என் ராத்தா சொன்னார்கள். "அடுத்த தெருவிலே ஒன்றரைச் சவரன் போட்டிருக்காங்க. அதுக்குக் குறைஞ்சா நம்ம முகம் என்னாகும்?" ஜப்பானியனுக்காவது அளவுகோலாக இருந்தது அவனுடைய சொந்தச் சம்பளம். நமக்கோ அடுத்த வீட்டுக்காரனின் செல்வம்!

என் மனைவி மட்டும் வாய் திறக்கவில்லை. ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின், வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "ஏங்க, எவ்வளவுக்கு வேணும்னாலும் எடுங்க. இரவல் மட்டும் வேண்டாம்."

நாற்பதாண்டுகளாக எங்களிருவருக்கும் இடையில் பேசப்படாமல் கிடந்த செய்தி அது.

1985ஆம் ஆண்டு எனக்கு நிச்சயம் நடந்தது. அப்போது ஒரு சவரன் தங்கம் 1,500 ரூபாயை ஒட்டி விற்றது. என் ஒரு மாதச் சம்பளத்துக்கு அது எட்டாது. வாப்பா மௌத்தாகி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் பெண் வீட்டார் முன் தலை குனியக்கூடாது என்று உம்மா உறுதியாக இருந்தார்கள். மாமியிடமிருந்து ஒரு சவரன் மோதிரம் ஒன்றை இரவல் வாங்கினார்கள். மாமியின் விரல் பருமன். பெண்ணுக்கோ பதினெட்டு வயது. மோதிரம் கழன்று விழாதிருக்க, அதன் அடிப்பக்கத்தில் சிவப்பு நூலைச் சுற்றி இறுக்கினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கல்யாணம் முடிந்து நாற்பது நாள் கழித்து, ஒரு பிற்பகலில் உம்மா மருமகளை அடுக்களைக்கு அழைத்து விவரத்தைச் சொல்லிக் கையை நீட்டினார்கள். அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் கழற்றிக் கொடுத்தாள். அன்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நான் வெறும் விரலைக் கண்டேன். கண்டும் காணாதவன் போலச் சாயா குடித்தேன். உம்மாவை நான் குறை சொல்லவில்லை. வறுமையில் மானத்தைக் காக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. ஆனால் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"இவன் இரவலா கேட்கிறான்? தவணை என்றுதானே சொல்கிறான்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"தவணை முடியிற வரைக்கும் அது அவ மோதிரமா, கடன் கொடுத்தவன் மோதிரமா? வட்டியும் சேர்த்துல்ல கட்டணும்?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறொரு கணக்கும் மனத்தில் ஓடத் தொடங்கியது. அந்த ஒரு சவரன் மோதிரம் விரலில் மின்ன, எங்கள் நிக்காஹ் தஃப்தரில் எழுதப்பட்ட மஹர் எவ்வளவு? 101 ரூபாய். ஊர் பார்க்கும் மோதிரத்துக்கு 1,500; அவளுக்கே உரிய மஹருக்கு 101!

ஏழைத் தோழர் ஒருவர் மணமுடிக்க விரும்பியபோது, இரும்பு மோதிரமாயினும் தேடிப் பார்க்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், அதுவும் கிடைக்காத நிலையில் அவருக்கு மனனமாயிருந்த குர்ஆன் அத்தியாயங்களையே மஹராக்கி மணமுடித்து வைத்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. நம் மேடைகளில் இந்த நிகழ்ச்சியைக் கேட்காத ஆண்டில்லை. ஆனால் அது ஒன்றுமில்லாதவருக்குக் காட்டப்பட்ட சலுகை. நாயகம் அவர்கள் தம் துணைவியருக்கு வழங்கிய மஹர் 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இன்றைய எடையில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வெள்ளி. அலீ (ரலி) அவர்கள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராகக் கொடுத்தது தம் போர்க் கவசத்தை. நாமோ மஹரைக் குறைக்கும்போது இரும்பு மோதிரத்தை நினைவுகூர்கிறோம். பொன் மோதிரம் வாங்கக் கடையேறும்போது மறந்துவிடுகிறோம்.

மறுநாள் மகனை அழைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். 40,000 என்றான். "அதற்குள் மோதிரம் எடுப்போம். தவணையாகக் கட்ட நினைத்த பணத்தை மாதந்தோறும் சேர்த்து, நிக்காஹ் அன்று இரண்டு சவரன் தங்கமாக அவள் கையில் மஹரைக் கொடு" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. அலுவலகத் தோழர்களுக்கு முன்னால் அவனுக்கும் ஒரு முகம் இருக்கிறதல்லவா? "உம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டான். தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன். அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவன் இசைந்தான். 2025இல் நிக்காஹ் நடப்பதற்குள் தங்கத்தின் விலை கிடுகிடுவென்று ஏறியது. அவன் வாக்குக் கொடுத்த இரண்டு சவரனில் ஒரு குன்றிமணியும் குறைக்கவில்லை.

மோதிரம் வாங்க, திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடையொன்றுக்கு நானும் மனைவியும் போனோம். பெண்ணின் விரலளவை அவளுடைய தங்கை ஒரு நூலில் எடுத்து அனுப்பியிருந்தாள். கடைப் பையன் அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அரைச் சவரனில், 916 முத்திரையிட்ட எளிய வேலைப்பாடு ஒன்றைத் தேர்ந்தாள். கல் பதித்ததைக் காட்டினார்கள். திரும்ப விற்கும் நாளில் கல்லுக்கு என்ன மதிப்பு என்று அவள் கேட்டதும் அதை உள்ளே வைத்துவிட்டார்கள். சேதாரமும் மூன்று விழுக்காடு வரியும் சேர்ந்து 33,000 ரூபாய்ச் சொச்சம் ஆயிற்று.

"உனக்கும் ஒன்று பார்ப்போமே" என்றேன். குரல் எனக்கே சரியாக எழும்பவில்லை.

"இந்த முடக்குவாத விரலுக்கா?" என்று சிரித்தாள். பிறகு கடைக்காரரிடம், "ரசீதைப் பெண் பேருக்கே எழுதிடுங்க" என்று பெயரைச் சொன்னாள்.

நிச்சயத்தன்று ராத்தா மோதிரத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று முணுமுணுத்தார்களாம். என் மனைவி கூடத்திலிருந்த அத்தனை பெண்களும் கேட்க, "அரைச் சவரன், மச்சி" என்றாளாம். பெண்ணின் விரலில் அது நூல் சுற்றாமலே பொருந்தியது. பிறகு நான்காக மடித்த ரசீதை எடுத்து, மருமகளாக வரப்போகும் அந்தப் பிள்ளையின் கையில் வைத்து விரல்களை மூடினாளாம். அவள் எதற்கென்று புரியாமல் தன் உம்மாவைப் பார்த்திருக்கிறாள்.

"பத்திரமா வச்சுக்கோ. உன் பேர்லதான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் மனைவி பாலும் பழமும் எடுத்து வைக்கப் போய்விட்டாளாம்.