பொறியை மூடிய உறை

1920களின் அமெரிக்க விமானங்கள் பலவற்றின் மூக்கில், உருளைகள் வட்டமாக அமைந்த பொறியொன்று திறந்தபடியே இருந்தது. நீரினாற் குளிர்விக்கப்படும் பொறியைவிட அது பாரங் குறைந்தது, பழுதும் குறைவு. ஆயினும் அதன் வெப்பந் தணிய வேண்டுமாயின் உருளைகள் காற்றோட்டத்தில் நீட்டிக்கொண்டிருத்தல் வேண்டுமென நம்பப்பட்டது. அவ்வுருளை ஒவ்வொன்றும் காற்றைக் குழப்பி விமானத்தைப் பின்னிழுத்தது. மூடினாற் பொறி வெந்துபோகும். மூடாவிடின் வேகம் வீணாகும். நடுவானிற் பொறி நின்றுபோவதினும் வேகக் குறைவே மேலெனப் பலர் கருதியதில் வியப்பில்லை.

வேர்ஜினியாவிலுள்ள லாங்லி ஆய்வுகூடத்தில் 1927இல் இயங்கத் தொடங்கிய காற்றுச் சுரங்கமொன்று 20 அடி விட்டமுடையது. சிறு மாதிரிகளை விடுத்து, உண்மையான பொறியையே ஓடவிட்டு அளக்க அது இடமளித்தது. பிரெட் வீக்கும் அவர்தம் குழுவினரும் பொறியைப் படிப்படியாக மூடி, ஒவ்வொரு நிலையிலும் காற்றின் தடையையும் உருளைகளின் வெப்பத்தையும் அளந்தனர். முழுதும் மூடிய உறை முதலிற் போதிய குளிர்ச்சியைத் தரவில்லை. முன்வாயிலாற் புகும் காற்றை உருளைகளின்மீது செலுத்தி, பின்னே விமானவுடலைச் சுற்றியமைந்த ஒடுங்கிய இடைவெளியால் வெளியேற்றும் வண்ணம் உறையைத் திரும்பத் திரும்பத் திருத்தியபோது குளிர்ச்சியுங் கிடைத்தது. தடையும் பெரிதுங் குறைந்தது. நெறிப்படுத்திய சிறிதளவு காற்றே பொறிக்குப் போதுமென்பது புலனாயிற்று.

1928இல் கேர்ட்டிஸ் ஹோக் விமானமொன்றுக்கு இவ்வுறையை அணிவித்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. பொறியோ பழைய பொறிதான்! 1929ஆம் ஆண்டுக்கான கொலியர் விருதும் இவ்வாய்வுக்குக் கிட்டியது.

விருதினும் சுவையானது, தோல்வியெனத் தோன்றிய அடுத்த சோதனையே. மூன்று பொறிகளையுடைய பொக்கர் விமானத்துக்கு இதே உறைகளை இட்டும் எதிர்பார்த்த வேகம் கிட்டவில்லை. பக்கப் பொறிகள் இறக்கையின்கீழ்த் தொங்கியமையால் உறைக்கும் இறக்கைக்கும் இடையே காற்றுக் குழம்பியது. உறையின் வடிவோடு அதன் இடத்தையும் ஆராய வேண்டியதாயிற்று. பல இடங்களில் வைத்துச் சோதித்தபின், இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்று முன்னே, இறக்கையோடு நேராகப் பொறியை அமைத்தலே சிறந்ததெனக் கண்டனர்.

1935 டிசெம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்த டி.சி.-3 விமானத்தின் இரு பொறிகளும் அவ்விடத்திலேயே அமைந்தன. 1947இல் எயர் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் சேவையைத் தொடங்கியதும் அவ்வகை விமானத்திலேயே.