எழுதிவிடுதலும் எழுதிவைத்தலும்

தமிழில் 'எழுதிவிட்டான்' என்பதும் 'எழுதிவைத்தான்' என்பதும் ஒன்றல்ல. 'விடு' என்னும் துணைவினை செயல் முடிந்ததைக் குறிக்கிறது. 'வை' அச்செயலின் பயன் பின்னாளுக்கு உரியது என்பதைக் குறிக்கிறது. பல சர்வர்களில் தரவைப் பரப்பி வைக்கும் சேமிப்பு அமைப்புகளில், செலவு பற்றிய வழக்கு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பற்றியதே.

தரவு வந்து சேர்ந்ததும் சர்வர் 'எழுதியாயிற்று' என்று மறுமொழி தருகிறது. அப்போது அது நினைவகத்தில் மட்டும் இருந்தால், மின்சாரம் நின்றவுடன் அழிந்துபோகும். வட்டில் பதியும்வரை காத்திருந்தால் மறுமொழி தாமதமாகும். பல பதிவுகளைத் தொகுத்து ஒரே முறையில் வட்டுக்கு அனுப்பினால் செலவு குறையும். ஆயினும் ஒவ்வொரு பதிவும் சற்றே காத்திருக்க வேண்டும்.

வட்டும் பழுதாகும் என்பதால் வேறு சர்வர்களிலும் படிகள் தேவை. மூன்று படிகள் வைத்தால் இடம் மும்மடங்கு. இரண்டு அழிந்தாலும் தரவு பிழைக்கும். தரவை ஆறு துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட மூன்று துண்டுகளைக் கூட்டி வைக்கும் எரேஷர் கோடிங் முறையில் இடம் ஒன்றரை மடங்குதான். ஒன்பதில் எந்த மூன்று அழிந்தாலும் மீட்கலாம். ஆனால் தொலைந்த ஒரு துண்டை மீட்க வேறு ஆறு துண்டுகளைப் படிக்க வேண்டும். வட்டில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி வலையமைப்புக்கும் கணிப்புக்கும் போய்விடுகிறது.

சுவடிக் காலத்திலும் இக்கணக்கு இருந்தது. ஓலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும். படியெடுக்க ஆளும் கூலியும் வேண்டும். 1909இல் திருவனந்தபுரத்து அறிஞர் டி. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்தில் அமைந்த வடமொழி நாடகச் சுவடியொன்றைக் கண்டார். பாசன் இயற்றியவை என அவர் கருதிய அந்நாடகங்கள் 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறின. ஆசிரியர் யார் என்ற விவாதம் இன்றும் உண்டு. விவாதிக்கப் பனுவலேனும் எஞ்சியிருப்பது, யாரோ சிலர் படியெடுக்கும் செலவை ஏற்றதனால்.

படிகளின் எண்ணிக்கை மட்டும் காப்பாகாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள், சுவடிகளோடு சேர்ந்து அழிந்தன. ஒரே கூரையின்கீழ் பத்துப் படிகள் இருந்தாலும் நெருப்புக்கு அவை ஒரு படியே. ஒரே அறையில், ஒரே மின்னிணைப்பில் நிற்கும் மூன்று சர்வர்களின் நிலையும் அதுதான்.

ஆதலால் விலையைக் கேட்பதற்குமுன் கேட்க வேண்டியது, இத்தரவை மீண்டும் உண்டாக்க இயலுமா என்பது. கணிப்பின் இடைநிலை முடிவுகளுக்கு ஒரு படி போதும். தொலைந்தால் நிரலை மறுபடி ஓட்டலாம். அருகிவரும் மொழியொன்றின் முதிய பேச்சாளர் தந்த ஒலிப்பதிவு அப்படியன்று. அதற்கு வேறு ஊரில் ஒரு படியும், அப்படி திறக்கிறதா என்று ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஆளும் வேண்டும். ஆய்வுத் திட்டங்களின் நிதிக்கோரிக்கைகளில் ஒலிப்பதிவுக் கருவிக்கு இடமிருக்கும் அளவுக்கு இச்செலவுக்கும் இடமிருக்க வேண்டும்.