உப்பு மணலின் பொய்க்குரல்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கிழக்கே செல்கின்றோம். பின்னால் வாவி, முன்னால் வங்கக் கடல். நிலவிரவில் பாடும் மீன்களைக் கேட்க இங்கு வருவோர் பலர். இவ்வுப்பு மணல் வேறொரு குரலும் எழுப்புமென்பதை அறிந்தோர் சிலரே.

உலோகம் காணும் கருவியின் சுருளில் பாயும் மாறுமின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. அப்புலம் புதைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதனையே கருவி ஒலியாக்குகின்றது. ஈர உப்பு மணலும் மின்சாரத்தைக் கடத்துமாதலால் அதுவும் விடை கூறும். ஆகவே கரையோரத்தில் அளவுமுள் நிலைகொள்ளாது தடுமாறும்.

தொலைந்த மோதிரத்தைத் தேடுவோர் முதலில் கைத்தொலைபேசியை அகற்றுதல் வேண்டும். பின்னர் கருவியை அந்நிலத்திற்கு இசைவித்து, நுண்ணுணர்வைச் சிறிது குறைத்து, சுருளை ஒரே உயரத்தில் மெதுவாக வீசுதல் நன்று. இரு திசைகளிலும் ஒரே இடத்தில் ஒலிப்பது பெரும்பாலும் உலோகம். இடம் மாறி மறைவது பெரும்பாலும் மண்.

ஆயின், போர் ஓய்ந்த நிலத்தில் கண்ணிவெடி அகற்றியோருக்குப் "பெரும்பாலும்" என்ற சொல் போதாது. கண்ணியில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கலாம். எனவே ஐயக்குரல் ஒவ்வொன்றையும், ஆணியோ தகரமோ என்று, முழந்தாளிட்டு அகழ்ந்தே தெளிந்தனர். 2017 யூனில் மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டமென அறிவிக்கப்பட்டது அப்பொறுமையின் பயனே. எனினும், நிலத்தில் அறியாப் பொருளைக் காணின் தொடாது விலகி, பொலிசாருக்கு அறிவித்தல் நம் கடன்.