பின் பிரேக் ஏன் தூங்குகிறது?

1980, 90களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புகளில் ஒரு தொல்லை உண்டு. பிரேக்கை மிதித்தால் வண்டி மூக்கு குத்தி நிற்கும். முன் பேட் மளமளவென்று தேயும். பின் ஷூவோ புதுசு மாதிரியே இருக்கும். உடனே மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டாம்!

பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாயும். காலி வண்டியில் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழன்றுவிடும். அதைத் தடுக்கத்தான் பின் அச்சோடு கம்பியால் இணைத்த ஒரு வால்வு. லோடு ஏறி பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும்.

இங்கேதான் சிக்கல். விறைப்பான லீஃப் ஸ்பிரிங் போட்டு வண்டியை உயர்த்திவிட்டால், பெட்டி நிறைய செங்கல் ஏற்றினாலும் வால்வு 'காலி வண்டி' என்றே நினைக்கும். கம்பி லோடு நிலையில் துருப்பிடித்து இறுகினால் கதை தலைகீழ்: மழையில் காலி வண்டி பின்பக்கத்தை வீசும்.

முதலில் செலவில்லாத வேலை. இந்த வண்டிகளில் ஹேண்ட்பிரேக் இழுக்கும்போதுதான் பின் ஷூ அட்ஜஸ்ட் ஆகும். கியரில் போட்டே நிறுத்தினால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அதைச் சரிசெய்து, வீல் சிலிண்டர் கசிகிறதா பாருங்கள். பிறகு வால்வின் கம்பி. அப்புறம்தான் காற்று எடுப்பது, பிரஷர் கேஜ் வைப்பது எல்லாம்.

வால்வைக் கழற்றி எறிய மட்டும் வேண்டாம். லோடு இல்லாத நாளில் உயிரைக் காப்பது அதுதான்.